மூலைப் பெஞ்சு

மூச்சுத்திணறி இறந்துபோன என் மகளின் பையை வாங்கப் பள்ளிக்கூடம் போனேன்.

"இருமற பிள்ளைங்கள அந்த மூலை பெஞ்சுலதாம்மா உக்கார வைப்போம். மத்தவங்களுக்கு ஒட்டிக்கக் கூடாதுல்ல?" என்றார் டீச்சர்.

அங்கே ஜன்னல் இல்லை. பெஞ்சை ஒட்டிய சுவர் ஊறிப்போய், கறுப்பாகப் பூஞ்சை பூத்துக் கிடந்தது. அந்த நெடியில் எனக்கே தொண்டை கமறியது. இது தெரியாமல், பூனை முடியால்தான் அவளுக்கு இருமல் என்று, பாவி நான், வீட்டுப் பூனையை அல்லவா துரத்தியடித்தேன்!

பெஞ்சில் இப்போது வேறொரு சிறுமி தனியாக இருமிக்கொண்டிருந்தாள்.

"இவளுக்கு எப்படி இருக்கு?"

"முதல்ல லேசாத்தான் இருந்துச்சு. இங்க உக்கார வச்சப்புறம்..." டீச்சர் அந்தச் சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

என் மகளின் பை ஆணியில் தொங்கியது. அதை விட்டுவிட்டு, இவள் பையை எடுத்தேன்.

"எந்திரி கண்ணு. ஜன்னல்கிட்ட போலாம்."