கசிவு என்ற சொல்

மார்ச் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை காலை, குளிர்பதனக் கிடங்கின் மூன்றாம் அறைக்கு வெளியே, அம்மோனியா ஓடும் குழாயின் வால்வு அருகே கசிவு இருந்தது.

அதைக் கண்டவர் கிடங்கின் பாதுகாப்புப் பரிசோதகர். நனைத்த சோதனைத் தாளை வால்வுக்குப் பக்கத்தில் நீட்டியதும் அது நிறம் மாறியது. அறைக்குள் மீன் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தவர்களில் அவருடைய அக்கா கணவரும் ஒருவர்.

"கண்ணு எரியலையா அத்தான்?"

"எரியுது. உங்க அக்கா வெங்காயம் நறுக்கினாலும்தான் எரியுது. அதுக்காக வீட்டை விட்டு ஓடிட்டேனா?"

"விளையாட்டு இல்ல. இந்த வாரத்துக்குள்ள வால்வை மாத்தியாகணும்."

"நீ எழுதிக் குடு மாப்ள. நீ எழுதினா நடக்கும்."

எழுதினார். அவர் நாவல் எழுதுகிறார் என்பது கிடங்கில் எல்லோருக்கும் தெரியும். அலுவலக நேரத்திலேயே எழுதுகிறார் என்பது மட்டும் தெரியாது. கணினியில் அவர் வைத்திருந்தது ஒரே கோப்பு. முதல் பக்கத்தில் அன்றைய அறிக்கை இருக்கும். அதற்குக் கீழே நாவல் தொடங்கும். மேலாளரின் செருப்புச் சத்தம் கேட்டால் பக்கத்தை மேலே உருட்டிவிடுவார். இரண்டு வருடமாக இந்த ஏற்பாடு பிசகியதில்லை.

பனிக்கு அடியில் ஒரு நகரம். அதைத் தாங்கும் குழாய்களில் கசிவு. சொன்னால் கேட்காத ஆட்சி. இதுதான் நாவல். மதிய இடைவேளையில் அதைப் பற்றிப் பேசப் பதிப்பகத்துக்குப் போனார். பதிப்பாசிரியர் அவருடன் படித்தவர். எதைக் கொடுத்தாலும் வெட்டுவதால் கல்லூரியிலேயே அவருக்குக் 'கத்தரி' என்று பெயர்.

"நல்லா இருக்குடா. ஆனா விஞ்ஞானக் கதை இப்ப விலை போகல," என்றார் கத்தரி. "மாயக்கதை வரிசையில ஒரு இடம் காலியா இருக்கு. மாத்திக் குடு, ஜூன்ல போட்டுடலாம்."

"எதை மாத்தறது?"

"காரணத்தை மட்டும். கசிவுன்னு எழுதினா எங்கிருந்து, எவ்வளவு, ஏன்னு வாசகன் கேப்பான். சாபம்னு எழுதிப் பாரு, வாயை மூடிக்கிட்டுப் படிப்பான்."

"சாபத்துக்கும் கணக்கு இருக்குடா. யார் விட்டது, எப்படித் தீரும்னு சொல்லாம முடிக்க முடியாது."

"அதைக் கடைசி அத்தியாயத்துல சொல்லிக்கலாம். அவசரமே இல்ல."

"அங்கதான் இடிக்குது. கசிவுன்னா ஒரு ஆள் ஸ்பானரோட போனாப் போதும். போகலைன்னா அது அவன் தப்பு. சாபம்னா எவன் மேலயும் தப்பு இல்ல. எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கலாம்."

"அப்போ கசிவாவே இருக்கட்டும். பரண்ல போட்டு வை, எலி படிக்கும்."

பரிசோதகர் திரும்பி வந்து தேடி மாற்றும் வேலையைத் தொடங்கினார். கணினிக்கு வேற்றுமை உருபு தெரியாது. 'கசிவு' என்று கொடுத்தால் 'கசிவை' அப்படியே நிற்கும்; அதை மாற்றினால் 'கசிவால்' எஞ்சும். ஒவ்வொரு உருபாகத் தேடி, கசிவைச் சாபமாக்கினார், குழாயை நரம்பாக்கினார், வால்வை முத்திரையாக்கினார். அம்மோனியா, 'அரக்கியின் மூச்சு' ஆனது. ஒன்றுகூடத் தப்பவில்லை. பிறகு காலையில் எழுதிய முதல் பக்கத்தை அச்செடுத்து, கையெழுத்திட்டு, மேலாளரின் மேசையில் வைத்தார். அதை மறுபடி படிக்கவில்லை. கோப்பின் நகல் ஒன்றைக் கத்தரிக்கு அனுப்பிவிட்டு, இன்னொன்றைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, மீதியைக் கையால் திருத்த ஒரு வாரம் விடுப்பில் போனார்.

மறுநாள் மேலாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"சார், அந்த மூணாம் நம்பர் விஷயம்..."

"படிச்சேன், படிச்சேன். டீ நேரத்துல எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினேன். மந்திரவாதிக்குச் சொல்லி அனுப்பியிருக்கேன், போதுமா?"

தம்முடைய நாவலைக் கேலி செய்து, வால்வு மாற்றும் ஆளைத்தான் மந்திரவாதி என்கிறார் என்று நினைத்தார் பரிசோதகர். மேலாளர் எப்போதும் அப்படித்தான் பேசுவார். பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது.

புதன்கிழமை அக்கா பேசினாள்.

"உங்க அத்தானுக்கு ரெண்டு நாளா இருமல் நிக்கல. தொண்டையில ஊசி குத்தற மாதிரி இருக்காம். லீவு போடுங்கன்னா கேட்டாத்தானே. இன்னும் மாத்தலையாடா அதை?"

"சொல்லியாச்சுக்கா. மேலாளர் ஆளுக்குச் சொல்லிட்டார். இன்னிக்கோ நாளைக்கோ வந்துடுவான்."

"நீ சொன்னாச் சரி. அவர்கிட்டயும் அதையே சொல்றேன்."

பழுதாகியிருந்த வீட்டுக் கணினி வியாழக்கிழமைதான் சரியாகி வந்தது. அன்று மதியம், முதல் அத்தியாயத்தைத் திருத்துவதற்காகக் கோப்பைத் திறந்தார். திரையில் வந்தது அறிக்கை.

'மூன்றாம் அறைக்கு வெளியே, அரக்கியின் மூச்சு ஓடும் நரம்பின் முத்திரை அருகே சாபம் உள்ளது. சாபத்தால் உள்ளே இருப்பவர்களுக்குக் கண் எரிகிறது. முத்திரையை உடனே மாற்றாவிட்டால் அவர்கள் மூச்சுத் திணறி இறக்கக்கூடும்.'

கீழே அவர் பெயரும் பதவியும் சரியாக இருந்தன.

மேலாளர் மூன்றாவது அழைப்பில்தான் எடுத்தார்.

"சார், அது கசிவு சார். சாபம் இல்ல. கசிவு."

"ஓகோ, மறுபடியும் விஞ்ஞானக் கதையா மாத்திட்டீங்களா?"

"கதை இல்ல சார். மூணாம் ரூமுக்கு வெளிய அம்மோனியா வால்வு கசியுது. திங்கக்கிழமையிலிருந்து கசியுது. ஆளுங்களை வெளிய எடுங்க."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"நீங்க எழுதினதுல அம்மோனியான்னு ஒரு வார்த்தை இல்லையே," என்றார் மேலாளர். குரலில் சிரிப்பு இல்லை. "இருங்க, பாக்கச் சொல்றேன்."

பரிசோதகர் அத்தானுக்கு அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. குளிர் அறைக்குள் போகிறவர்கள் கைபேசியை வெளியே அலமாரியில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அந்த விதியை எழுதியவர் பரிசோதகர்தான். செருப்பு மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தபோது கிடங்கின் சங்கு ஊதத் தொடங்கியிருந்தது.

வால்வு முழுவதுமாக விட்டுப்போயிருந்தது. மேலாளர் அனுப்பிய ஆள் கதவை அடைவதற்குள் மூன்றாம் அறை நிரம்பிவிட்டது. உள்ளே ஐந்து பேர் இருந்தார்கள். மூன்று பேர் வெளியே வந்தார்கள். அத்தான் வரவில்லை.

விசாரணைக் குழு அந்த அறிக்கையை வாங்கிப் படித்தது. கசிவு, குழாய், வால்வு, அம்மோனியா ஆகிய சொற்களில் எதுவும் அதில் இல்லாததால், அதை எச்சரிக்கையாகக் கொள்ள முடியாது என்று முடிவு செய்தது. பரிசோதகர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். மேலாளர் வேறு கிடங்குக்கு மாற்றப்பட்டார்.

பழைய சொற்களையே திரும்பப் போடும்படி பரிசோதகர் பதிப்பகத்துக்கு எழுதினார். மீதியைத் தானே திருத்திக் கொடுத்து அச்சும் முடிந்துவிட்டது என்று கத்தரி பதில் அனுப்பினார். ஜூன் மாதம் புத்தகம் மாயக்கதை வரிசையில் வெளிவந்தது.