ஒன்பதாம் வாரம் என்றெழுதிய குப்பி

...இரண்டு நிமிடத்துக்கு மேல் வெதுவெதுப்பான நீரில் வைக்கக் கூடாது, மிளகளவு பனி மிச்சமிருக்கும்போதே எடுத்துவிட வேண்டும், இதை எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருப்பாள், கை தன்பாட்டுக்கு, உறைய வைத்த செல்கள் உள்ள குப்பியை ஆட்டிக்கொண்டிருக்கிறது, மூடியில் ஒரு எண், ஒரு தேதி, ஒன்பதாம் வாரம் என்று ஒரு குறிப்பு, பெயர் கிடையாது, பெயர் யாருக்கும் தெரியக் கூடாது என்பதுதான் விதி, ஆனால் அந்தத் தேதியில் வந்தது ஒரே ஒரு சாம்பிள்... அன்று அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தாள். கலைந்த கருவோடு வந்த திசுவை ஆராய்ச்சிக்குத் தரச் சம்மதமா என்று நர்ஸ் தாளை நீட்டியபோது படிக்காமலே கையெழுத்துப் போட்டாள், படிக்க என்ன இருக்கிறது, அந்தத் தாளை எழுதியதே அவள்தானே. கணவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். இங்கே ஆய்வகத்தில் எல்லோரிடமும் காய்ச்சல் என்று சொல்லி இரண்டு வாரம் லீவு. "நீ இல்லாதப்ப வந்ததுடி அது, நான்தான் பிரிச்சு வச்சேன். சும்மா சொல்லக் கூடாது, அள்ள அள்ள வந்துச்சு செல்லு" என்றாள் பக்கத்து மேசைத் தோழி. அப்படியா என்றாள் இவள். வேறென்ன சொல்வது, நன்றி என்றா?

ரத்தத்தில் இருக்கும்வரை இவை கொல்லி செல்கள், கெட்டுப்போன செல்லைக் கண்டால் விடாது, கருப்பையிலோ அதே இனம் கொலையை மறந்து குழந்தைக்கு ரத்தம் வர வழி வெட்டிக்கொடுக்கும், எப்படி மாறுகிறது என்று யாருக்கும் முழுதாகத் தெரியாது, ஆறு வருடமாக அதற்குத்தான் இந்த மேசை. இந்தக் குப்பியில் இருப்பவை குழந்தையுடையவை அல்ல, தாயுடையவை. அவளுடையவை. நாளைய சோதனையில் இவை எதிரே வைக்கும் செல்லைக் கொன்றால், அன்று உள்ளேயும் இவைதானா... "உன் உடம்பு தாங்கலையோ என்னமோம்மா" என்று மாமியார் போனில் சொன்னது குத்தலா, ஆறுதலா? ஒரே சாம்பிளை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று மாணவர்களிடம் அடித்துச் சொல்வாளே, பிறகு ஏன் இதை எடுத்தாள்? வரிசைப்படி அடுத்தது இதுதான்... இல்லை, இதற்கு முன் நான்கு குப்பிகள் இருந்தன.

கழுவி, சாயம் விட்டு, நுண்ணோக்கியில் வைத்தாள். செத்தவை நீலமாகும், உயிருள்ளவை சாயத்தை உள்ளே விடாமல் மின்னும். கண்ணாடித் தகட்டில் கட்டம் கட்டமாக எண்ணினாள், கட்டைவிரல் கையடக்க எண்ணியின் பொத்தானை அமுக்கிக்கொண்டே போனது, மனசில் ஒன்றும் ஓடவில்லை, காலையிலிருந்து பசிகூட இல்லை.

"எத்தனை பர்சென்ட் உயிரோட இருக்கு?" தோழி குறிப்பேட்டைத் திறந்து பேனாவோடு காத்திருந்தாள்.

எண்ணியில் பதினொன்று. பதினொன்றா, கண்ணெதிரே நூற்றுக்கணக்கில் மின்னுகின்றனவே... நான்கு கட்டங்களிலும் நீலத்தை மட்டும்தான் எண்ணியிருக்கிறாள். மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். "ஒரு நிமிஷம்டி" என்றாள். விரல் எண்ணியின் மேல்தான் இருந்தது, அமுக்கவில்லை.