ஞாயிற்றுக்கிழமை ஈரல்

ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு தாஷ் புதுச்சேரி உப்பளத்தில் ஒரு மதில் ஓரம் காலைத் தூக்கி நின்றது. ஒன்றும் வரவில்லை. அடுத்த கம்பத்தில் இரண்டு சொட்டு விழுந்தது. சிவப்பு. கூட நடந்த கண்ணையன் வழியில் வந்த ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார்.

தாஷ் டால்மேஷன் ஜாதி நாய். வெள்ளைத் தோல், கறுப்புப் புள்ளிகள். அவர் மனைவி ஜெயம் சமையல் வேலை பார்த்த வீட்டம்மா பிரான்சுக்கே போனபோது விட்டுச்சென்றது. பேருக்குப் பிரெஞ்சில் புள்ளி என்று அர்த்தமாம். தெருவுக்கு அவன் தாசு.

ஜெயமும் கூட வந்தாள். லாஸ்பேட்டையில் கால்நடை டாக்டர் கார்குழலி குழாய் செருகி மூத்திரத்தை இறக்கினார்.

"எக்ஸ்ரேல எதுவும் தெரியல. ஸ்கேன்லதான் கல்லு தெரியுது. என்ன போடறீங்க?"

"தயிர் சோறுதாம்மா," என்றாள் ஜெயம்.

"கறி, ஈரல்?"

"ஈரலா? அது இவருக்கே பத்தாது. ஞாயித்துக்கெழமை மொத ஆளா நின்னு வாங்கியாரேன். ஒரு துண்டு மீதி வெக்கமாட்டாரு."

கண்ணையன் சுவரிலிருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்தார்.

"கறி துன்னா யூரிக் ஆசிட் வரும்," என்றார் கார்குழலி. "மத்த நாய்க்கு அத ஈரல் உள்ள வாங்கி வேற ஒண்ணா மாத்திடும். அது சுலபமா கரைஞ்சு போயிடும். இந்த ஜாதிக்கு அது ஈரலுக்குள்ள சரியா போகாது. கிட்னி அப்படியே வெளிய தள்ளும், மூத்திரப் பையில கல்லா நிக்கும். மனுஷங்களுக்கும் ஈரல் அத மாத்தாது. நமக்கு கால் கட்டைவிரல் வீங்கும்."

கண்ணையன் கட்டைவிரலைச் செருப்புக்குள் மடக்கினார். ஆறு மாதம் முன்பு வீங்கியது. ஈரல் கூடாது என்றார் அவரைப் பார்த்த டாக்டர். வீட்டில் சொல்லவில்லை. முன்பு அவருக்குச் சர்க்கரை நோய் என்று சொன்ன அன்றே ஜெயம் வீடு முழுவதையும் கேழ்வரகுக்கு மாற்றியவள். இதுவும் தெரிந்தால் இறாலும் போகும், கருவாடும் போகும். அதனால் ஞாயிறுதோறும் அவள் ரசம் எடுக்க உள்ளே போனதும் ஈரல் தட்டிலிருந்து தாஷின் வாய்க்குப் போனது.

"வெறும் தயிர் சோத்துக்கு இவ்ளோ யூரிக் ஆசிட் கல்லு வராது," என்றார் கார்குழலி. "அப்ப இது வேற கல்லு. நாளைக்கே கிழிச்சு எடுத்துடணும். வயசானவன், மயக்கம் தாங்குவானான்னு சொல்ல முடியல. யூரிக் ஆசிட் கல்லா இருந்தா மாத்திரையில கரைச்சுப் பார்த்திருப்பேன்."

ஜெயம் நாயின் தலையைத் தடவினாள். "பாத்து கிழிங்கம்மா."

"கிழிக்க வேணாம்," என்றார் கண்ணையன். "ஈரல் துன்றான். வாராவாரம்."

"யார் குடுக்கறது?"

"நான்தான். எனக்கும் அதே யூரிக் ஆசிட்டு. ஆறு மாசமா நான் ஒரு துண்டு துன்னல."

டாக்டர் மாத்திரை எழுதினார். ஜெயத்தின் கை நாயின் தலைமேல் நின்றுவிட்டது.

"யோவ், போன வாரம் ஈரல்ல மொளகு தூக்கலா இருக்குன்னியே. அத ஒனக்கு யாரு சொன்னா, இவனா?"