அறுபடாத ரிப்பன்

"ஏன்டி, பூட்டின கதவை எத்தனை தடவைதான் இழுத்துப் பாப்ப?" என்று அக்கா ஒரு நாள் கேட்டாள். தெருமுனை வரை போன தங்கை திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு எரிச்சல். அத்தானுக்கோ சிரிப்பு.

"இந்தக் கை எங்க ஆலையில இருக்க வேண்டியது. இவ பாத்து அனுப்பினா ஆகாயத்துல போறவன் நிம்மதியா தூங்குவான்."

வெறும் பேச்சுக்குச் சொல்லவில்லை. விமானம் செய்யும் ஆலையில் அத்தான் ஷிஃப்ட் சூப்பர்வைசர். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லி அவளைச் சோதனைப் பிரிவில் சேர்த்துவிட்டார். அப்பா போன பிறகு அவளுக்கு எல்லாமே அவர்தான். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே 'பூட்டு' என்று அங்கே அவளுக்குப் பேர் விழுந்துவிட்டது.

அந்த ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. சோதிக்கிறவருக்கு ஏதாவது சரியில்லை என்று பட்டால் அந்த இடத்தில் சிவப்பு ரிப்பன் கட்டுவார். ரிப்பன் இருக்கும்வரை விமானம் கொட்டகையைத் தாண்டக் கூடாது. கட்டினவரேதான் அவிழ்க்க வேண்டும். வேறு யாராவது எடுப்பதென்றால் நாலு பேர் பார்க்க அறுத்துத்தான் எடுக்கலாம். அறுந்த ரிப்பன் கண்ணில் பட்டால் எல்லாரும் காரணம் கேட்பார்கள்.

மற்றவர்கள் கட்டுவது சாதாரண முடிச்சு. பூட்டு கட்டுவது இழுக்க இழுக்க இறுகும். உள்ளே ஒளிந்திருக்கும் சின்ன வளையத்தில் சுண்டுவிரலை விட்டு நெம்பினால்தான் நெகிழும். "பூட்டு கட்டினா சாவியும் அவகிட்டதான்" என்று ஃபிட்டர்கள் கிண்டலடிப்பார்கள்.

அத்தானுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்திருந்தாள். அக்கா வீட்டு மொட்டைமாடியில் துணிக்கொடி கட்டிய அன்றைக்கு. மத்தியானம் பூரா முட்டி மோதிவிட்டு, "இதை அவுக்குறதுக்குள்ள ஒரு விமானத்தையே அவுத்து மாட்டிடலாம்" என்று அலுத்துக்கொண்டு, ஒருவழியாகக் கற்றுக்கொண்டார். ஈரத்துணி வாளியோடு நின்று பார்த்த அக்கா, "மச்சினிக்கேத்த அத்தான்!" என்று சிரித்தாள்.

வால் சிறகின் கீல்களைப் பிடிக்கும் போல்ட்டுகளைக் கம்பெனி அந்த முறை மலிவான இடத்தில் வாங்கியிருந்தது. நட்டு கடைசிச் சுற்றில் இறுகாமல் வழுக்கியது. வேறொன்று போட்டுப் பார்த்தாள். அதுவும் வழுக்கியது. பெட்டியோடு எல்லாமே அப்படித்தான். ரிப்பன் கட்டிவிட்டாள்.

விமானத்தை உடனே ஒப்படைக்க வேண்டும் என்று மேலிடம் குதித்துக்கொண்டிருந்த நேரம். மேனேஜர் வந்து பார்த்துவிட்டு அத்தானிடம், "உங்க மச்சினி நம்ம ஆலைக்கே பூட்டுப் போட்டுடுவாங்க போலிருக்கே" என்றார்.

அவர் போனதும் அத்தான் அவள் தோளைத் தட்டினார். "நீ கட்டினது சரிம்மா. வேற போல்ட்டு வரவழைக்கிறேன். நான் பாத்துக்குறேன், நீ கிளம்பு."

மறுநாள் காலையில் வந்தபோது விமானம் போய், கொட்டகை வெறிச்சென்று கிடந்தது. ரிப்பன் கிழியாமல் கசங்காமல் சுவர்க் கொக்கியில் தொங்கியது.

"யாரு அத்தான் அவுத்தது?"

"நான்தான். புது போல்ட்டு வந்துடுச்சு, என் கண்ணு முன்னாடிதான் மாட்டினாங்க. அறுத்தா ஆளாளுக்குக் கேள்வி கேப்பான். நீதான் வித்தை கத்துக்கொடுத்திருக்கியே!"

பூட்டை நாலு தடவை இழுத்துப் பார்க்கிறவள், அத்தான் வார்த்தையை ஒரு தடவைகூட இழுத்துப் பார்க்கவில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் அந்த விமானம் விழுந்தது. தரையிறங்கும்போது வால் சிறகு பிய்த்துக்கொண்டு போய்விட்டது. பிழைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். டிவியில் உடைந்த கீலைக் காட்டினார்கள். அதில் மாட்டியிருந்தது அதே வழுக்கும் போல்ட்டு.

விசாரணையில் கம்பெனி வக்கீல் அவளைத்தான் காட்டினார். ரிப்பன் அறுபடவில்லை. அப்படியானால் கட்டியவரே அவிழ்த்திருக்கிறார், கட்டியவரே விமானத்தை அனுப்பியிருக்கிறார். நேற்றுவரை கிண்டலடித்த ஃபிட்டர்கள் ஒவ்வொருவராக வந்து, பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல், "அந்த முடிச்சை அவளைத் தவிர யாராலயும் அவுக்க முடியாதுங்க" என்றார்கள்.

"அத்தான்தான் அவுத்தார். அவருக்குத் தெரியும்" என்றாள் அவள்.

விசாரணை அதிகாரி அத்தானைப் பார்த்தார். அத்தான் மேஜையைப் பார்த்தார். "எனக்கு அந்த முடிச்சு தெரியாதுங்க."

இடைவேளையில் தாழ்வாரத்தில் அவரைப் பிடித்தாள்.

"போல்ட்டு மாத்தவே இல்லையா அத்தான்?"

"மேல சொன்னாங்க, செஞ்சேன். இதுவரைக்கும் எதுவும் விழுந்ததில்லையேன்னு நினைச்சுட்டேன்."

"அவுத்தது நீங்கன்னாவது சொல்லுங்க. என்னை ஜெயிலுக்கு அனுப்பிடுவாங்க."

"எனக்குப் பிள்ளைங்க இருக்கும்மா. உனக்கு யாரு இருக்கா?"

"நீங்க இருக்கீங்கன்னு நினைச்சேன்."

அவர் கைக்குட்டையால் முகத்தை ஒற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மிச்சம் இருந்தது அக்கா ஒருத்திதான். போனில் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"அழாத. நாளைக்கு நான் வர்றேன். பாத்ததை அப்படியே சொல்றேன். உன்னைத் தூக்கி வளர்த்தவடி நான், விட்டுடுவேனா?"

நெடுநாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் தூங்கினாள்.

சொன்னபடி அக்கா வந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் தங்கை, எதிர்ப்பக்கம் அத்தானும் மேனேஜரும். மேனேஜர் அக்காவைப் பார்த்து, வீட்டுக்கு வந்தவர்களை வரவேற்பதுபோலத் தலையை ஆட்டினார்.

அதிகாரி நிதானமாகக் கேட்டார். "அம்மா, இந்த முடிச்சை அவிழ்க்க உங்க வீட்டுக்காரர் கத்துக்கிட்டதை நீங்க பார்த்ததா உங்க தங்கச்சி சொல்றாங்க. பார்த்தீங்களா?"

அக்கா வாயைத் திறந்தாள். அத்தான் தலை தூக்கவில்லை. அவர் கை மட்டும் மேஜைமேல் மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தது. அக்கா அந்தக் கையையே பார்த்தாள். திறந்த வாய் மெல்ல மூடிக்கொண்டது.

"நீங்க சொல்லலைன்னா பழி உங்க தங்கச்சி மேலதான் நிக்கும். புரியுதா?"

அக்கா தலையசைத்தாள். புரிந்தது என்றுதான் அசைத்தாள்.

"அக்கா, என்னைப் பாரேன்" என்றாள் அவள்.

அக்கா எழுந்தாள். கைப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தங்கையின் நாற்காலியை உரசாமல் ஒதுங்கி நடந்து, கதவைத் திறந்து வெளியே போனாள்.