கணக்கில் வராத முகவரி

டி.வி.யின் ப்ளக்கை அவள் பிடுங்கியபோது சீரியலில் ஒருத்தி கன்னத்தில் அறை வாங்கப்போகிற நேரம்.

"ஏம்மா, அந்த அறை விழுந்ததும் பிடுங்கினா ஆகாதா?" என்றாள் மாமியார்.

"ஆபீஸ் வேலை அத்தை. ரெண்டே நிமிஷம்."

லேப்டாப்புக்கு ஓடினாள். மறுபடி ஸ்கேன். வைஃபையில் இணைந்த கருவிகளின் பட்டியலிலிருந்து டி.வி.யின் வரி மறைந்திருந்தது. பிரிண்டர் முன்பே போயிற்று. மாமியாரின் ஃபோனையும் அணைத்தாயிற்று. பெயரில்லாத அந்த ஒரு முகவரி மட்டும் பிள்ளையாரைப்போல நகராமல் உட்கார்ந்திருந்தது.

வைஃபையில் இணைந்த கருவி ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட போர்ட்டுகள் உண்டு, வீட்டுக்கு வாசல் மாதிரி. எந்த வாசல் திறந்திருக்கிறது என்று தட்டிப் பார்த்துச் சொல்லும் மென்பொருளுக்கு அவள் கையேடு எழுதிக்கொண்டிருந்தாள். அதைப் படித்து இயக்கப்போவது மனிதர்கள் அல்ல, ஏஐ ஏஜென்ட்கள். ஆபீசின் சோதனை நெட்வொர்க் படுத்துவிட்டதால், மாதிரி முடிவுக்காக வீட்டு வைஃபையையே ஸ்கேன் செய்து ஒட்டி அனுப்பியிருந்தாள். அங்கேதான் மாட்டினாள்.

ஃபோனில் டீம் லீடர். ஊர் உலகத்துக்கெல்லாம் கமா திருத்துவதால் ஆபீசில் அவர் பெயரே கமா.

"அந்தக் கடைசி வரி என்னம்மா?"

"தெரியல சார். தூக்கிடட்டுமா?"

"தூக்கினா பொய். அப்படியே விட்டா அதைவிட மோசம். மனுஷன் படிச்சா 'ஏதோ ஒண்ணு'ன்னு தாண்டிப் போவான், அதோட சரி. ஏஜென்ட் அந்தத் தாண்டுறதையே பாடமா எடுத்துக்கும். நாளைக்கு ஏதாவது பேங்க்ல பேர் தெரியாத மெஷின் நின்னாலும் கும்பிடு போட்டுட்டுப் போயிடும். சாயங்காலத்துக்குள்ள அது என்னன்னு எழுது. நான் லைன்லயே இருக்கேன்."

கமாவுக்குத் தேவை ஒரு பெயர். அவளுக்குத் தேவை வேறு. அந்த முகவரியில் திறந்திருந்தது வீடியோ அனுப்புகிற போர்ட். முடிவின் கீழே, கையேட்டைச் சோதிக்க அவள் ஓடவிட்ட ஏஜென்ட் எழுதியிருந்தது: 'கேமராவாக இருக்கலாம். உரிமையாளரைக் கேட்கவும்.' அப்படிக் கேட்கச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

வீட்டில் கேமரா. மாட்டக்கூடியவன் ஒருவன்தான். கணவனும் அவளும் சில மாதங்களாகப் பேசிக்கொள்வதெல்லாம் பால் இருக்கிறதா, கதவைப் பூட்டியாயிற்றா என்ற அளவில்தான். அவளை அவன் வேவு பார்க்கிறான் என்றால், இந்த வீட்டில் இருக்க அவளுக்கு ஒரு காரணமும் மிச்சமில்லை. பயம் வந்திருக்க வேண்டும். கோபமாவது வந்திருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை. பல் பிடுங்கப் போட்ட ஊசியின் மரப்பு கன்னத்தை விட்டு உடம்பு முழுக்க இறங்கிவிட்ட மாதிரி இருந்தது. பெட்டியில் எந்தச் சேலைகளை வைப்பது என்றுகூட ஒருமுறை யோசித்துப் பார்த்தாள். எதுவும் தோன்றவில்லை.

மெயின் பெட்டியைத் திறந்தாள். அறைக்கு ஒரு சுவிட்ச். ரவுட்டர் இருந்த ஹாலை மட்டும் விட்டுவிட்டு, சமையலறையை அணைத்தாள். ஸ்கேன். முகவரி இருந்தது. படுக்கையறை. ஸ்கேன். அப்போதும் இருந்தது. மிச்சம் ஒரே சுவிட்ச், கடைசி அறையுடையது. அதில் விரல் வைத்தபோது, கூப்பிட்டால்கூட சோபாவை விட்டு எழாத மாமியார் எழுந்து பின்னால் வந்து நின்றிருந்தாள்.

"அதைத் தொடாதேம்மா."

"ஏன் அத்தை?"

"அவன் சாப்பிடற நேரம்."

ஆபீசில் சாப்பிடுகிற கணவனுக்கும் இந்தச் சுவிட்சுக்கும் என்ன சம்பந்தம்? கேட்கத்தான் வாயெடுத்தாள். மாமியார் முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை. ஃபோனைக் காதிலிருந்து இறக்கி, கடைசி அறைக்கு நடந்தாள்.

அந்தக் கதவை அவள் திறந்து வெகுநாளாயிற்று. உள்ளே இருந்ததையெல்லாம் யாருக்கோ கொடுத்துவிட்டேன் என்று கணவன் சொல்லியிருந்தான். சரி என்றிருந்தாள். சரிபார்க்கவில்லை.

கொடுக்கவில்லை. எல்லாம் இருந்தது. சுவரில் பாதியில் நின்ற மஞ்சள் பெயின்ட். ஜன்னல் ஓரமாக மரத்தொட்டில். மெத்தையின் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படாமல் வெயிலில் மினுங்கியது. அதற்கு மேலே, அவர்கள் இருவரும் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிய, உள்ளங்கையளவு கேமரா. அதன் நீல விளக்கு எரிந்தது. யாராவது ஃபோனில் பார்த்துக்கொண்டிருந்தால்தான் அது எரியும், தலையையும் அங்கிருந்தே திருப்பலாம் என்று கடைக்காரன் சொன்னது நினைவிருந்தது.

"தனியா உக்காந்து இதைப் பாத்துக்கிட்டேதான் சாப்பிடறான்" என்றாள் மாமியார், வாசற்படியைத் தாண்டாமல். "இல்லேன்னா தொண்டையில இறங்க மாட்டேங்குதாம். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கான்."

கையிலிருந்த ஃபோனில் கமாவின் குரல் எறும்பளவுக்குக் கேட்டது. "அது என்னம்மா? என்னன்னு போடட்டும்?"

ஆஸ்பத்திரிக்குப் போன அன்று இந்த அறையின் ஃபேனைப் போட்டுவிட்டுத்தான் போனார்கள், புது பெயின்ட் வாசனை போகட்டும் என்று. திரும்பி வந்து அணைக்கும்போது கையில் யாரும் இல்லை. பெண் குழந்தை. பிறந்து அழவே இல்லை.

சின்னதாக ஒரு மோட்டார் சத்தம். கேமராவின் தலை தொட்டிலை விட்டு மெல்ல நிமிர்ந்தது, திரும்பியது, அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றது.