படுத்தபடி நடந்த விசாரணை

விசாரணை நான்காவது முறையாகத் தள்ளிப்போன அன்று, சலவை ஆலையின் பெர்சனல் ஆபீசர் அறையில் கூரை ஒரு சாண் கீழே இறங்கியது. விரிசல் இல்லை, சத்தம் இல்லை, துளி சுண்ணாம்புகூட உதிரவில்லை. மின்விசிறி ஆபீசரின் தலைமுடியைக் கலைத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கட்டட மேஸ்திரி வந்து தட்டிப் பார்த்தார். கூரை நன்றாகத்தான் இருக்கிறது, இடம்தான் மாறியிருக்கிறது என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். மாடியில் கணக்குப் பிரிவின் தரை இருந்த இடத்திலேயே இருந்தது. இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று யாரும் தோண்டிப் பார்க்கவில்லை.

அந்த ஆலையில் ஆஸ்பத்திரிகளின், ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்தார்கள். ஈர விரிப்பைக் கொதிக்கும் உருளைகளுக்குள் விட்டால் மறுபக்கம் காய்ந்து, மடிப்பில்லாமல் வரும். கை உள்ளே போகாதிருக்க உருளைக்கு முன்னால் ஓர் இரும்புத் தட்டி இருந்தது. அதில் விரல் பட்டாலே இயந்திரம் நின்றுவிடும். அடிக்கடி நின்றால் வேலை ஓடாது என்று நிர்வாகம் தட்டியைக் கழற்றிவிட்டது. அந்த மாதம் முடிவதற்குள் ஒரு பெண்ணின் வலது கை விரிப்போடு உள்ளே போனது. பக்கத்து உருளையில் நின்றவள் அவளுடைய அண்ணி. நீராவியிலேயே நின்று வேலை பார்த்ததால் அவளை எல்லோரும் ஆவியக்கா என்று கூப்பிடுவார்கள். புதிதாக வந்தவர்கள் முதலில் கொஞ்சம் பயப்படுவார்கள். அன்று அவள்தான் ஓடிப்போய் மின்சாரத்தை நிறுத்தினாள். தட்டியை மாட்டும்வரை போட விடமாட்டேன் என்று சுவிட்சுக்கு முன்னால் நின்றுகொண்டாள். தட்டியைக் கழற்றச் சொன்னவர் மறுநாளும் காரில் வந்து இறங்கினார். கையைச் சுட்ட இயந்திரமும் மறுநாள் ஓடியது. நிறுத்தியவளைத்தான் சஸ்பெண்ட் செய்தார்கள்.

சங்கம் புகார் கொடுத்தது. ஒப்பந்தப்படி ஒரு வாரத்துக்குள் நிர்வாகம் விசாரித்துப் பதில் சொல்ல வேண்டும். சங்கம் சம்மதித்தால் மட்டுமே தேதியைத் தள்ளலாம். சங்கச் செயலாளர் நல்ல மனிதர். யார் எதைச் சொன்னாலும் “சரிங்க” என்பார் என்பதால் அவர் பெயரே சரிங்க என்று ஆகியிருந்தது. ஆபீசர் லீவில் இருக்கிறார் என்றார்கள்; சரிங்க. ஃபைல் தலைமை அலுவலகத்துக்குப் போயிருக்கிறது, சரிங்க. ஃபைல் வந்துவிட்டது, படிக்க வேண்டியவருக்குப் பல் பிடுங்கியிருக்கிறது, அதற்கும் சரிங்க. இதற்கிடையில், கண்ணால் பார்த்த ஒருத்தியை வேறு ஷிஃப்டுக்கு மாற்றினார்கள். இன்னொருத்தி தான் அப்போது தண்ணீர் குடிக்கப் போயிருந்தது நினைவுக்கு வந்துவிட்டது என்றாள். காயம் ஆறினால் கோபமும் ஆறிவிடும் என்பதுதான் நிர்வாகத்தின் கணக்கு. அதை வெட்கமில்லாமல் கேன்டீனில் உட்கார்ந்தே பேசிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஒத்திவைப்புக்கும் கூரை இறங்கியது. மின்விசிறியைக் கழற்றினார்கள். மேஜைக்கால்களை அறுத்தார்கள். உயரமான குமாஸ்தாவை மாற்றிவிட்டுக் குள்ளமான ஒருவரைப் போட்டார்கள். பிறகு அவரும் குனிந்தார். ஆபீசர் குத்துக்காலிட்டு நகர்ந்து நகர்ந்து போய், அடுத்த ஒத்திவைப்பிலும் கையெழுத்துப் போட்டார். கூரையே தலையில் இடித்தும் அந்த மனிதருக்கு உறைக்கவில்லை.

ஒருநாள் காலை, கை வெந்த நாத்தனார் ரவிக்கை ஊக்கோடு வெகுநேரம் போராடினாள். தோல் இளஞ்சிவப்பாக மூடியிருந்தது. விரல்கள் மட்டும் மடங்கவில்லை.

“அண்ணி, கொஞ்சம் மாட்டி விடுறீங்களா? கைதான் ஆறிப்போச்சே, இன்னும் எதுக்குக் கேசுன்னு எல்லாரும் கேக்குறாங்க.”

ஆவியக்கா ஊக்கை மாட்டிவிட்டு நேராகச் சங்க அலுவலகத்தில் செயலாளரிடம் போனாள்.

“கூரையை இறக்குறது அவங்க இல்லண்ணே. நாமதான். அவங்க தேதி கேட்டாங்க, யாரு குடுத்தது?”

“வீணா எதுக்குப் பகைச்சுக்கணும்னுதாம்மா...”

“அவளுக்கு விரல் மடங்கலண்ணே! யாரைப் பகைச்சுக்காம இருக்கப் பாக்குறீங்க?”

அப்போது போன் அடித்தது. ஆபீசர்தான், இன்னொரு தேதி கேட்டு. செயலாளர் நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். “முடியாதுங்க” என்றார். அந்த வார்த்தையை அவர் வாயில் அதுவரை யாரும் கேட்டதில்லை. அன்றைக்கே வழக்கை, இரு தரப்புக்கும் பொதுவான நடுவருக்கு அனுப்பினார்.

நடுவர் மூட்டுவலிக்கார அம்மாள். அவர் வந்தபோது கூரை முழங்காலுக்கும் கீழே இருந்தது. ஆபீசர் நடைபாதையில் டையைச் சரிசெய்தபடி, அறை இருக்கிற நிலையில் இன்னொரு தேதி பார்க்கலாமே என்றார். விசாரணை அந்த அறையில்தான் நடக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் சேர்க்க வைத்ததே அவர்தான். ஆவியக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குப்புறப் படுத்து உள்ளே ஊர்ந்தாள். பின்னாலேயே நாத்தனாரும் போனாள். உள்ளேயிருந்து குரல் வந்தது: “நாங்க வந்துட்டோம். ஆரம்பிங்க.”

நடுவர் கைப்பையைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டு, முனகிக்கொண்டே படுத்தார். அப்புறம் ஆபீசருக்கு வேறு வழியில்லை.

கன்னம் தரையில் அழுந்த அவர் தன் பக்கத்தைச் சொல்லத் தொடங்கினார். கவனக்குறைவு என்றார், ஒழுங்கீனம் என்றார். எதிரே நாத்தனார் வலது கையை நீட்டி வைத்திருந்தாள். அவர் மூக்குக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி. முகத்தைத் திருப்பத் தலையைத் தூக்கினால் கூரை இடித்தது. எழுந்து போகவும் முடியாது. இத்தனை மாதங்களில் அவர் அந்தக் கையைப் பார்ப்பது அதுவே முதல் தடவை.

“தட்டியைக் கழட்டச் சொன்னது நான்தான்” என்றார் கடைசியில்.

ஆவியக்காவுக்கு வேலையும் நின்றுபோன சம்பளமும் திரும்பக் கிடைத்தன. எல்லா உருளைகளுக்கும் தட்டி வந்தது. கை வெந்தது ஆலையின் குற்றம் என்று தீர்ப்பாயிற்று. நாத்தனாரின் வைத்தியம் ஆலையின் பொறுப்பானது. விரல்கள் மடங்கவில்லை. அவற்றை மடங்க வைக்க எந்தத் தீர்ப்பாலும் முடியாது. முதல் வாரத்திலேயே விசாரித்திருந்தால் நல்ல டாக்டரிடம் காட்டியிருக்கலாம் என்பாள் ஆவியக்கா.

கூரை திரும்ப மேலே போகவில்லை. புதிதாக வந்த ஆபீசருக்குப் பக்கத்து அறையை ஒதுக்கினார்கள். யாராவது புகாரோடு வந்தால் அவர் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, “இன்னிக்கு மத்தியானமே வெச்சுக்கலாமா?” என்று கேட்பார். பழைய அறைக்கும் ஆண்டுதோறும் வெள்ளையடிக்கிறார்கள். படுத்துக்கொண்டுதான் அடிக்க வேண்டும் என்பதால் அதற்கு மட்டும் கூலி கொஞ்சம் கூட.