கொண்டை ஊசி இருந்த பக்கம்

சவப்பெட்டியின் மூடியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தபோது, லுத்விக் தன் மேல்கோட்டுக்குள்ளிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து, மனைவியின் முழங்கைக்குக் கீழே, வெள்ளைத் துணியின் மடிப்புக்குள் செருகினார். சுற்றி நின்ற பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு பாட்டின் கடைசி அடியை இழுத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தார்.

செலினா பார்த்துவிட்டாள். பழுப்புத் தாளில் அட்டை போட்டு, முதுகில் கறுப்பு மையால் எண் எழுதிய புத்தகம் அவள் கண்ணுக்குத் தப்பாது. பங்குக் கோயில் நூலகத்தின் புத்தகங்களுக்கெல்லாம் குளிர்கால மாலைகளில் அட்டை போட்டவர்கள் அவளும், இப்போது பெட்டிக்குள் கிடக்கும் ஹொனராட்டாவும்தான்.

அவள் மெல்ல அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"லுத்விக், அது லைப்ரரி புத்தகம்."

"தெரியும்."

"அடுத்து ஒருத்தங்க கேட்டு வச்சிருக்காங்க."

"வேற ஏதாவது குடு. அலமாரி பூரா புத்தகம்தானே."

"ஹொனராட்டா இருந்தா என்ன சொல்லுவாங்க?"

"இருந்தாத்தானே!"

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டார். பாட்டு நின்றது. மூடியைப் பிடித்திருந்தவர்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல், சாவு வீட்டு வழக்கப்படி துணி போட்டு மூடியிருந்த நிலைக்கண்ணாடியைப் பார்த்தார்கள். அவர் சட்டைக் கழுத்தின் மேல் பொத்தான் திறந்திருந்தது. செலினா அதைப் போட்டுவிட்டாள்.

லுத்விக் குனிந்தார். புத்தகத்தை உருவி மறுபடி கோட்டுக்குள் வைத்துக்கொண்டார். மூடி இறங்கியது.

கோயில் வரைக்கும், பூசை முடியும் வரைக்கும், உறைந்த மண்ணை மேலே தள்ளும் வரைக்கும், புத்தகம் அவர் நெஞ்சில் இடித்துக்கொண்டே இருந்தது. முக்கால்வாசிக்கு மேல் ஒரு பக்கத்தில் ஹொனராட்டாவின் கொண்டை ஊசி இருந்தது. வாசிப்பை நிறுத்தும்போது தலையிலிருந்து ஒன்றை உருவி அடையாளம் வைப்பது அவள் பழக்கம்.

பிள்ளைகள் இல்லாத வீடு அது. பங்குத்தந்தையின் வீட்டுப் பின்னறையில் நாலு அலமாரி போட்டு நூலகம் தொடங்கியபோது ஹொனராட்டாவுக்கு இளவயது. சம்பளம் கிடையாது. ஞாயிறு பூசைக்குப் பிறகு புத்தகம் கொடுப்பாள். முதல் நற்கருணைக்குத் தயாராகும் பிள்ளைகளுக்குக் கதை சொல்வாள். கூடையில் புத்தகம் எடுத்துக்கொண்டு படுக்கையில் கிடப்பவர்கள் வீட்டுக்கு நடப்பாள். லுத்விக் ஆறிய சாற்றைத் தனியே சுடவைத்துக் குடிப்பார். "பாதி கோயிலுக்கு, பாதி ஊருக்கு. எனக்கு என்ன மிச்சம்?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டார்.

அவள் சண்டை போடவில்லை. அன்று இரவு ஒரு புத்தகத்தைக் கட்டிலுக்குக் கொண்டுவந்து, சத்தமாக வாசிக்கத் தொடங்கினாள். லுத்விக் வீம்புக்குக் கண்ணை மூடித் தூங்குவதுபோல் கிடந்தார். மறுநாளும் வாசித்தாள். வீம்பு எப்போதோ போய்விட்டது. மூடிய கண்ணைத் திறக்கத்தான் வழி தெரியவில்லை. அப்படியே வருஷங்கள் ஓடின. எத்தனை புத்தகம் கேட்டிருப்பார்! ஒரு நாளும், நல்லாயிருந்தது என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கடைசிப் புத்தகம் ஒரு குதிரையைப் பற்றியது. போர்க்காலத்தில் ஒரு குடியானவனின் குதிரையைப் படைவீரர்கள் ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். வெள்ளைக்காலி என்று அதற்குப் பெயர். அவன் அதைத் தேடி ஊர் ஊராக நடக்கிறான். ஒரு சந்தையில், கூட்டத்துக்கு அப்பால், ஒரு கனைப்புச் சத்தம் கேட்கிறது. அந்த இடத்தில் ஹொனராட்டா கொண்டை ஊசியை உருவினாள். "மிச்சம் நாளைக்கு" என்றாள். மறுநாள் காலையில் நூலகத்துக் கணப்பில் விறகு வைக்கக் குனிந்தவள் நிமிரவில்லை.

அது வெள்ளைக்காலிதானா என்று லுத்விக்குக்குத் தெரியாது. அவரே புரட்டிப் பார்த்திருக்கலாம். இரண்டு இரவும் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தார், திறக்கவில்லை. அவருக்கு வேண்டியது கதையின் முடிவு அல்ல, அந்தக் குரலில் அந்த முடிவு. அது இனிக் கிடைக்காது என்றால், புத்தகம் அவளோடு போகட்டும் என்று நினைத்தார். அதுவும் முடியவில்லை. இனி யார் கேட்டாலும் கொடுப்பதில்லை.

அடக்கத்துக்குப் பிறகான சாப்பாட்டை நூலகத்திலேயே வைத்திருந்தார்கள். அலமாரிகளுக்கு நடுவே நீள மேஜை. கோழிச்சாறு, பன்றி வறுவல், கசகசா கேக். கதவோரத்து மேஜையில் சாமந்திப் பூக்கள். பூக்களுக்குப் பக்கத்தில், யாரும் சொல்லாமலேயே, புத்தகங்கள் சேர்ந்துகொண்டிருந்தன. திருப்பித் தராமல் வீட்டில் வைத்திருந்ததை ஆளாளுக்கு எடுத்து வந்திருந்தார்கள். பாதிரியார்கூட அங்கியின் கைக்குள்ளிருந்து ஒன்றை எடுத்து வைத்தார்.

"சாமி, நீங்களுமா?" என்றாள் செலினா.

"எனக்கு முந்தி இருந்த சாமியார் எடுத்ததும்மா. அந்தப் பாவம் என் தலையில விழுந்திடுச்சு."

இறைச்சிக்கடை போனிஃபாட்சி ஒரு தடித்த புத்தகத்தை வைத்துவிட்டு, தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றான். "மழையில நனைஞ்சு போச்சுன்னு அப்ப சொன்னேன். பொய். என் பொண்டாட்டி பிடிச்சுக்கிட்டு விடமாட்டேன்னுட்டா."

"ஹொனராட்டா என்ன சொன்னாங்க?"

"'நல்லா காயட்டும், அவசரமில்ல'ன்னு சொல்லி, ஒரு சீசா பிளம் ஜாம் குடுத்துட்டுப் போனாங்க. அந்த ஜாம் இன்னும் தொண்டையிலயே நிக்குது."

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தபடியே சிலர் மூக்கைத் துடைத்தார்கள். லுத்விக்கின் கை கோட்டின் மேலேயே இருந்தது. அந்த அறையில் புத்தகத்தைப் பிடித்துவைத்திருப்பவர் இப்போது அவர் ஒருவர்தான். செலினா அவரிடம் புத்தகத்தைக் கேட்கவில்லை. அவர் கிண்ணம் காலியானதும் இன்னும் ஒரு கரண்டி சாறு ஊற்றினாள். அடியிலிருந்து அள்ளி, நூடுல்ஸ் நிறைய வரும்படி. கேட்டிருந்தால் அவர் மறுத்திருப்பார்.

"யாரு அது, அடுத்தது?" என்றார், கிண்ணத்தைப் பார்த்தபடி.

"அப்பொலோனியா. ஆத்தங்கரை வீடு. இடுப்பு உடைஞ்சதுலேர்ந்து படுக்கைதான். நாளைக்கு நானே கொண்டுபோய்க் குடுத்திடறேன், நீங்க—"

"கூடையை எங்க வச்சிருக்கே?"

கணப்பின் பக்கத்தில், ஹொனராட்டா வைத்த இடத்திலேயே கூடை இருந்தது. புத்தகத்தை அதில் வைத்தார். செலினா மேலே ஒரு துண்டு கேக்கை வைத்து மூடினாள்.

நரேவ் ஆற்றின் ஓரங்களில் பனிக்கட்டி பிடித்திருந்தது. ஹொனராட்டா நடந்த அதே தடம். இந்தக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஒரு நாளாவது கூட வந்திருக்கலாமே என்று நினைத்தபோது, பாதையில் கால் வழுக்கியது.

"யாரு, லுத்விக்கா? பூட்ஸைக் கழட்டிட்டு வா. துடைக்க எனக்கு ஆள் இல்ல." அப்பொலோனியா தலையணைகளில் சாய்ந்திருந்தாள். கண்களில் பால்போல் படலம். "அடக்கத்துக்கு வரமுடியல. மணிச் சத்தம் கேட்டு இங்கிருந்தே செபமாலை சொன்னேன்."

"புத்தகம் கொண்டுவந்திருக்கேன். செலினா கேக் குடுத்திருக்கா."

"குதிரைக் கதையா? குடு." கையில் வாங்கி, அட்டையைத் தடவிப் பார்த்தாள். பிறகு அவரிடமே திருப்பி நீட்டினாள். "நான் என்னத்த வாசிக்கறது? எனக்கு ஜன்னல் எது சுவர் எதுன்னே தெரியல. ஹொனராட்டா வாசிச்சுக் காட்டறேன்னு சொல்லியிருந்தா. 'வீட்ல ஒருத்தர் கேட்டுட்டு இருக்கார், அவருக்கு முடிச்சிட்டு உனக்கு'ன்னா."

லுத்விக் கூடையைத் தரையில் வைத்தார்.

"கேட்டுட்டு இருக்கேன்னா சொன்னா?"

"பின்ன? கண்ண மூடிக்கிட்டுக் கேப்பியாமே. வேணும்னே ஒரு வரியைத் தாண்டி வாசிச்சா, போர்வைக்குள்ள உன் கால் விரல் ஆடுமாம். சொல்லிச் சொல்லிச் சிரிப்பா." கிழவி கையை நீட்டினாள், லுத்விக் கேக்கை எடுத்து அதில் வைத்தார். "அவ சிரிப்பு இந்த அறைக்கே சூடா இருக்கும்."

அவர் ஜன்னல் பக்கம் போய் வெகுநேரம் நின்றார். வெளியே ஒரு காகம் பனிக்கட்டியின் மேல் நடந்து, விளிம்பு வரை போய், திரும்பி வந்தது.

"என்ன, போயிட்டியா?"

"இல்ல. இங்கதான் இருக்கேன்."

நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். புத்தகம் கொண்டை ஊசி இருந்த பக்கத்தில் தானாகவே திறந்தது.

"நான் பள்ளிக்கூடத்துல வாசிச்சதோட சரி. திக்கும்."

"எனக்கென்ன, ரயிலா புறப்படுது? முதல்லேர்ந்து வாசி."

ஊசியை எடுக்காமல், அது இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, முதல் பக்கத்துக்குத் திருப்பினார். சந்தையும் அந்தக் கனைப்பும் இன்னும் வெகுதூரத்தில் இருந்தன. தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் பிடித்துப் பிடித்து வாசிக்கத் தொடங்கினார். குடியானவன் எழுந்தான். லாயத்தைத் திறந்தான். வெள்ளைக்காலி தலையைத் திருப்பிப் பார்த்தது.

பக்கம் திருப்பும்போது நிமிர்ந்து பார்த்தார். அப்பொலோனியா கண்களை மூடியிருந்தாள். வாயோரத்தில் கசகசா ஒட்டியிருந்தது. மூச்சு சீராக வந்தது.

லுத்விக் சற்றுத் தயங்கினார். பிறகு ஒரு வரியைத் தாண்டி, அதற்கு அடுத்த வரியை வாசித்தார்.

போர்வைக்குள் ஒரு கால் விரல் ஆடியது.

அவர் திரும்பிப் போய், விட்ட வரியை வாசித்தார்.